ஐந்நூற்றுப் பன்னிரண்டு தடவை

பட்டாபிராம்,
6-1-2025

திரு. ஜானகிராமன் அவர்களுக்கு,

‘அன்புள்ள’ என்று ஆரம்பித்தால் பொய்யாக இருக்கும். அதனால் ஆரம்பிக்கவில்லை.

டிசம்பர் 29ஆம் தேதி அயனம்பாக்கத்தில் உங்கள் வீட்டு வாசலில் என்னை நிற்க வைத்தீர்கள். “இன்னா மாப்ள, எங்கூடப் பொறந்தவள நான் பாக்கக் கூடாதா?” என்றுதான் கேட்டேன். “பாக்கலாம். பிசியோதெரபி பொண்ணு முன்னாடி என்னைக் கொலகாரன்னு கத்திகினு பாக்க முடியாது” என்று சொல்லிக் கதவைச் சாத்தினீர்கள். கீழ் வீட்டு ஞானம்மாள் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அறுபத்தொன்பது வயது. இதுவரை என் முகத்தில் யாரும் கதவைச் சாத்தியதில்லை. போனிலும் என் நம்பரைத் தடுத்துவிட்டீர்கள். ஆகவே இந்தக் கடிதம்.

ஒரு விஷயத்தில் மட்டும் சொன்னபடி நடந்தீர்கள். பெட்டியின் மெமரி கார்டை அனுப்பிவிட்டீர்கள். படித்துவிட்டேன். என்ன படித்தேன் என்பதைச் சொல்லும் முன், அந்தப் பெட்டி எப்படி வந்தது என்பதை நினைவுபடுத்துகிறேன். உங்களுக்கு வசதிப்படி மறக்கும் பழக்கம் உண்டு.

அக்டோபரில் என் தங்கை சாமுண்டீஸ்வரிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. கேட்டால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள். ஆமாமும் இல்லையும் அவளுக்கு மாறிப்போகின்றன, படம் காட்டினால்தான் சரியாகச் சொல்வாள் என்று மருத்துவரே சொன்னார். நீங்கள் வாங்கி வந்த பெரிய டேப்லெட்டில் அவள் விரல் வழுக்கியது. உங்கள் பெண் கிருஷ்ணப்பிரியா பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஆடிய பழைய கையடக்க வீடியோ கேமை உங்கள் பரணிலிருந்து இறக்கியவன் நான். அதில் பட்டன் இருக்கிறது. இடது கட்டைவிரலால் தட்டித் தட்டிப் படம் படமாக நகர்ந்து, வேண்டியதில் அழுத்தினால் போதும். திரையில் பன்னிரண்டு படங்களை வைத்தேன். ஒன்றை அழுத்தினால் அது பெரிதாகத் தெரியும், மணி அடிக்கும், அழுத்திய படத்தின் எண் கார்டில் ஒரு ஃபைலில் பதிவாகும். பத்து நாளுக்கு ஒரு முறை கார்டை அனுப்பினால் நான் எண்ணிப் பார்த்து, அதிகம் தேவைப்படும் படத்தை முன்னால் கொண்டுவருவேன். இதுதான் ஏற்பாடு.

அந்தப் பெட்டிக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது. அது பொம்மை. கார்டைத் திறக்க, படிக்க, எழுத, நடுவில் ஓர் இடத்துக்கு நகர, மூட என்று ஐந்து வேலைகளையும் நானே எழுதினேன். எவனிடமும் கேட்கவில்லை. எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை.

இப்போது கேளுங்கள். டிசம்பர் 20 முதல் 31 வரை அவள் அழுத்தியவை:

தண்ணீர் 9. கழிவறை 12. சோறு 4. வலி 6. மின்விசிறி 3. வேண்டாம் 2.
அண்ணன் வீடு 476.

நானூற்று எழுபத்தாறு. வேறு விளக்கம் தேவையில்லை. என் மனைவி தாட்சாயிணி முன்னறையைக் காலி செய்து கட்டில் போட்டுவிட்டாள். மாசி பிறந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, பிப்ரவரி 16, கோபியின் வேனோடு வருகிறேன். அவளை அனுப்பிவையுங்கள்.

ரவிச்சந்திரன்

---

அயனம்பாக்கம்,
9-1-2025

மச்சானுக்கு,

நீங்கள் ‘திரு’ போட்டாலும் முறை மாறாது. மாறினால் எனக்கு நிம்மதிதான்.

என்னைக் கொலைகாரன் என்று சொன்னதைக் கடிதத்திலும் மறுக்கவில்லை. சந்தோஷம். அன்று காலை அவள் விழுந்தபோது நான் பால் வாங்கப் போயிருந்தேன். பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தை நினைக்காமல் ஒரு நாளும் நான் சாப்பிட உட்கார்ந்ததில்லை. அதை நீங்கள் வேறு வந்து ஞாபகப்படுத்த வேண்டாம்.

உங்கள் 476க்கு வருகிறேன். அவள் ‘அண்ணன் வீடு’ படத்தை அழுத்தி நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. கார்டைக் கழற்றுவதற்கு முன் உங்கள் பெயர் எழுதிய கவரைக் காட்டி, “ஒங்கண்ணனுக்குத்தான் அனுப்பப் போறேன்” என்றேன். அப்போது அழுத்தினாள். நான் அவள் பக்கத்துக் கட்டிலில்தான் படுக்கிறேன். அழுத்தினால் மணி அடிக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டு நாளில் 476 தடவை மணி அடித்திருந்தால் ஞானம்மாள் மேலே ஏறி வந்து என்னை அடித்திருப்பார்.

இன்னொன்று. பன்னிரண்டு படங்களை நானும் பார்த்தேன். சோறு இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, டிவி இருக்கிறது, பட்டாபிராமில் உங்கள் வீட்டுப் பச்சை கேட் இருக்கிறது. முப்பத்தாறு வருஷம் அவளோடு குடும்பம் நடத்துகிறவன் படம் இல்லை. மின்விசிறிக்குக் கீழே எங்கேயாவது எனக்கு ஓர் இடம் கிடைக்கவில்லையா?

அவளுக்கு அந்தப் பெட்டி உதவுகிறது. அந்தக் காரணத்துக்காக மட்டுமே இரண்டாவது கார்டையும் இதோடு அனுப்புகிறேன். வேன் வேண்டாம்.

ஜானகிராமன்

---

பட்டாபிராம்,
17-1-2025

திரு. ஜானகிராமன் அவர்களுக்கு,

பொங்கல் முடியட்டும் என்று காத்திருந்தேன். நல்ல நாளில் இதை எழுத மனம் வரவில்லை.

இரண்டாவது கார்டு:

தண்ணீர் 11. கழிவறை 14. காபி 5. வலி 3. டிவி 8.
வேண்டாம் 471.

நானூற்று எழுபத்தொரு தடவை ஒரு மனுஷி ‘வேண்டாம், வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டில் அவளை என்ன செய்கிறீர்கள்? எது அவளுக்கு வேண்டாம்? உங்களுக்குக் கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்கிற காது வேண்டும்.

உங்கள் படம் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையானவற்றை மட்டும் வைத்தேன். அதுதான் பதில்.

ஓசூரில் இருக்கும் கிருஷ்ணப்பிரியாவிடம் எண்களைச் சொல்லிவிட்டேன். பெற்ற பெண்ணுக்குத் தெரிய வேண்டும். “மாமா, நெஜமாவா?” என்று கேட்டாள். “கார்டு பொய் சொல்லாதும்மா, மனுசன்தான் சொல்வான்” என்றேன்.

பிப்ரவரி 16 என்பதை 2ஆம் தேதிக்கு முன்னால் இழுக்கலாமா என்று யோசிக்கிறேன். கோபிக்கு அன்று திருமழிசையில் வேலை இருக்கிறது, இல்லாவிட்டால் இழுத்திருப்பேன். முதல் கார்டைத் துடைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். போடுங்கள்.

ரவிச்சந்திரன்

---

அயனம்பாக்கம்,
21-1-2025

மச்சானுக்கு,

என் மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். எடுத்தவுடன், “நைனா, அம்மாவ இன்னா பண்றீங்க?” என்று கேட்டாள். இருபத்தொன்பது வயதுப் பெண். இதுவரை என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை. நான் “ஒண்ணும் பண்ணலம்மா” என்றேன். எனக்கே அது குற்றவாளி சொல்கிற பதில் போலக் கேட்டது. இதற்கு உங்களுக்கு நன்றி.

அதன் பிறகு கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு உங்கள் இரண்டு கடிதங்களையும் எடுத்து மேஜைமேல் விரித்தேன். எண்களைக் கூட்டினேன். நீங்கள் கூட்டவில்லை என்று நினைக்கிறேன்.

முதல் கார்டு மொத்தம் 512.
இரண்டாவது கார்டு மொத்தம் 512.

என் மனைவி இடது கட்டைவிரல் ஒன்றால்தான் அழுத்துகிறாள். அவள் பத்து நாளைக்கு ஒரு முறை எண்ணி, சரியாக ஐந்நூற்றுப் பன்னிரண்டாவது அழுத்தத்தில் நிறுத்துகிறாளா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் நான். ஒரு பாகம் அளவு தவறி வந்தால் உடனே அதைத் தூக்கிக் குப்பையில் போட மாட்டோம். அளந்த கருவியை முதலில் எடுப்போம். அளவு நிச்சயமாகத் தெரிந்த ஒரு துண்டை அதில் வைத்துப் பார்ப்போம். கருவி தப்பாகக் காட்டினால் அன்று காலையிலிருந்து அது அளந்த எல்லாமே செல்லாது.

மூன்றாவது கார்டு இதில் இருக்கிறது. அதோடு ஒட்டிய ஒரு சின்னக் கவரும் இருக்கிறது. கார்டைப் படியுங்கள். எண்களை எழுதி எனக்கு ஸ்பீடு போஸ்ட்டில் போடுங்கள். போட்டதற்கான ரசீது கைக்கு வந்த பிறகு சின்னக் கவரைப் பிரியுங்கள். முன்னால் பிரித்தால் எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

ஜானகிராமன்

---

பட்டாபிராம்,
24-1-2025

திரு. ஜானகிராமன் அவர்களுக்கு,

512 என்பது பற்றி எனக்கு வகுப்பு எடுக்க வேண்டாம். கார்டில் ஒரு பக்கம் என்பது 512 இடம். ஃபைலை ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் கட்டியிருக்கிறேன். பக்கம் நிறைந்தால் மேற்கொண்டு பதிவாகாது. அவள் அழுத்தி அழுத்திப் பக்கமே நிறைந்துவிட்டது, அதற்குப் பிறகும் எத்தனை தடவை அழுத்தினாளோ, அது கணக்கில் வரவே இல்லை என்று அர்த்தம். உங்கள் வாதம் உங்களுக்கு எதிராகவே போகிறது.

நீங்கள் எஸ்டேட்டில் அளந்தீர்கள். நான் ஆவடித் தொழிற்சாலையில் மெஷின்களை ஓட வைத்தேன். எஞ்சினியர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஓட வைத்தது நான். என் கருவியைச் சோதிக்க உங்களுக்கு என்ன தகுதி?

சின்னக் கவரைத் தொடவில்லை. எனக்கு அந்தப் புத்தி இல்லை. மூன்றாவது கார்டு இதுதான்:

காபி 4. தண்ணீர் 6.
வலி 502.

இதைப் பார்த்த பிறகும் நீங்கள் உட்கார்ந்து கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? ஐந்நூற்று இரண்டு தடவை வலி என்கிறாள்! எங்கே வலி? தோளா, இடுப்பா? மருத்துவரிடம் காட்டினீர்களா? “இவரு கண்ணு முன்னாடி அவ துடிக்கிறா, இவரு கவரு ஒட்டிகினு கீறாரு” என்று தாட்சாயிணி அழுகிறாள்.

இந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு, உங்கள் கவரைப் பிரிக்கிறேன்.

ரவிச்சந்திரன்

---

பட்டாபிராம்,
25-1-2025

ஜானகிராமன் அவர்களுக்கு,

நேற்று மாலை தபால் ஆபீஸ் வாசலிலேயே பிரித்தேன். உங்கள் கையெழுத்தில் நான்கு வரி. “அழுத்தியது நான். காபி நான்கு, தண்ணீர் ஆறு, கடைசியாக வலி ஒன்று. மொத்தம் பதினொன்று. சாமுண்டீஸ்வரி அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள்.”

உள்ளே போய் முந்தைய கடிதத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று நினைத்தேன். கவுண்டரில் இருந்த பெண், “பையில போட்டாச்சு சார்” என்றாள். சரி, போகட்டும். வந்து சேரும்போது படித்துச் சிரித்துக்கொள்ளுங்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். நீங்கள் கண்டுபிடிக்கும் முன் நானே எழுதுகிறேன்.

தொழிற்சாலையில் நான் பார்த்த மெஷின் காகித நாடாவில் ஓடும். நாடாவில் துளை போட்டுத்தான் அதற்குக் கட்டளை கொடுக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு நாடாவின் மிச்சத்தைத் துளையில்லாமல் விட்டால், அந்த மெஷின் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு வெட்டுளியை நேராகக் கொண்டுபோய் மேசையில் இடிக்கும். ஒரு முறை இடித்தது. ஆகவே கடைசிக் கட்டளை எதுவோ அதையே மிச்ச நாடா முழுக்கத் திரும்பத் திரும்பத் துளைத்துவிடுவேன். மெஷின் கடைசியாக நின்ற இடத்திலேயே நிற்கும். இருபத்தெட்டு வருஷம் இதைச் செய்தேன். என் மெஷினில் ஒருவனுக்கும் விரல் போகவில்லை.

இந்தப் பெட்டிக்கு ஃபைலை மூடும் வேலையை எழுதியபோதும் கை அதையே செய்துவிட்டது. கார்டில் எழுதினால் பக்கம் பக்கமாகத்தான் எழுத முடியும். பதினொரு எண்தான் இருந்தாலும் 512 இடத்தையும் எதையாவது வைத்து நிரப்பியாக வேண்டும். நான் கடைசி எண்ணை வைத்து நிரப்பினேன். அதுகூடப் பரவாயில்லை. உண்மையான நீளம் பதினொன்று என்று எங்கேயும் குறித்து வைக்கவில்லை. அதனால் படிக்கும் வேலைக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாது. பக்கத்தின் கடைசி வரை போய், நிரப்பியதையும் சேர்த்து எண்ணிக்கொண்டு வந்தது.

ஆகவே முதல் கார்டில் அவள் அழுத்தியது முப்பத்தாறு தடவை. கடைசியாக அண்ணன் வீடு, ஒரு தடவையோ சில தடவையோ. இரண்டாவதில் நாற்பத்தொன்று, கடைசியாக வேண்டாம். சரியாக எத்தனை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்த இரண்டு கார்டும் செல்லாது.

இது என் தப்பு. எழுதிவிட்டேன். மன்னிப்பு கேட்பேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு தடவையானாலும் அவள் என் வீட்டைக் கேட்டாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது கார்டு சொன்னதல்ல, நீங்கள் சொன்னது. வேன் 16ஆம் தேதி வரும்.

ரவிச்சந்திரன்

---

அயனம்பாக்கம்,
29-1-2025

மச்சானுக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. நான் சிரிக்கவில்லை.

என் தகுதி என்ன என்று முதல் கடிதத்தில் கேட்டீர்கள். பதில் இரண்டாவது கடிதத்தில் இருக்கிறது.

உங்கள் நாடா, உங்கள் மெஷின், இடித்த மேசை எல்லாம் புரிந்தது. ஆனால் மச்சான், அந்த 471 ‘வேண்டாம்’களையும் நீங்கள் தயங்காமல் நம்பினீர்கள். ஒரு நிமிஷம்கூட, ‘ஜானகிராமன் அப்படிப்பட்டவனா’ என்று தோன்றவில்லை. கருவி பழுதானது ஜனவரியில் அல்ல. நீங்கள் என்னை எப்போதோ அளந்து முடித்துவிட்டீர்கள். கார்டு உங்களுக்கு வேண்டிய எண்ணைக் கொடுத்தது, வாங்கிக்கொண்டீர்கள்.

மூன்று விஷயம் செய்யுங்கள். கிருஷ்ணப்பிரியாவுக்கு நீங்களே போன் செய்து, கார்டு பொய் சொன்னது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். புரோகிராமைச் சரிசெய்து அனுப்புங்கள். அதில் என் படத்தையும் வையுங்கள். ஆதார் கார்டுக்கு எடுத்த போட்டோ நகல் இதோடு இருக்கிறது. முகம் நன்றாக இல்லை என்று தள்ளிவிட வேண்டாம்.

அதன் பிறகு ஒரு வாரம் அவள் அழுத்தட்டும். கார்டைத் திருப்பி அனுப்புகிறேன். உங்கள் வீட்டை அவள் கேட்டிருந்தால், ஏதோ கவரைப் பார்த்து ஒரு தடவை அல்ல, உண்மையாகக் கேட்டிருந்தால், 16ஆம் தேதி அவள் துணிமணியை நானே மடித்துக் கொடுக்கிறேன்.

இந்தக் கார்டைப் படிக்க என்னிடம் எதுவும் கிடையாது. படிக்கப்போவது நீங்கள் ஒருவர்தான். எண்ணை மாற்றிச் சொன்னால் எனக்குத் தெரியப்போவதில்லை. வழக்கு போட்டவரே தீர்ப்பு எழுதும் இந்த ஏற்பாட்டை எஸ்டேட்டில் எவனும் ஒத்துக்கொள்ள மாட்டான். நான் ஒத்துக்கொள்கிறேன், ஏனென்றால் சின்னக் கவரை நீங்கள் முன்னால் பிரிக்கவில்லை.

ஜானகிராமன்

---

பட்டாபிராம்,
3-2-2025

மாப்பிள்ளைக்கு,

கிருஷ்ணப்பிரியாவிடம் சொல்லிவிட்டேன். “மாமா, இத நீங்க எங்க நைனாகிட்டயில்ல சொல்லணும்” என்றாள். எல்லோரும் எனக்குப் புத்தி சொல்கிறார்கள்.

ஃபைல் வேலைகளைத் திருத்திவிட்டேன். முதல் இரண்டு இடத்தில் நீளம் பதிவாகும். படிப்பது அந்த நீளத்தோடு நின்றுவிடும். மிச்ச இடத்தில் வெறும் பூஜ்யம். உங்களைப் போலவே நானும் சோதித்தேன்: தாட்சாயிணியை அழுத்தச் சொன்னேன், அழுத்தியதை அவள் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்தாள். ஐந்து தடவையும் பொருந்தியது.

உங்கள் படத்தை வைத்திருக்கிறேன். நீங்கள் ஒன்று கேட்டதால் நானும் ஒன்று சேர்த்திருக்கிறேன். செருப்புப் படம். வெளியே போக வேண்டும் என்பதற்கு. அந்த வீட்டை விட்டு வெளியே போக வேண்டும் என்று தோன்றினால் அதைச் சொல்ல அவளுக்கு ஒரு வழி இருக்கட்டும். இப்போது மொத்தம் பதினான்கு.

கார்டு 11ஆம் தேதிக்குள் கிளம்ப வேண்டும்.

ரவிச்சந்திரன்

---

அயனம்பாக்கம்,
11-2-2025

மச்சானுக்கு,

கார்டு இதில் இருக்கிறது. எடுக்கும்போது எந்தக் கவரையும் அவளிடம் காட்டவில்லை. எதுவும் சொல்லவில்லை.

இந்த ஒரு வாரம் நான் எண்ணவில்லை. எண்ண நினைத்தேன், முடியவில்லை. அந்தச் செருப்புப் படத்தை அவள் தினமும் அழுத்துகிறாள். முதல் நாள் மணி கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். திரை முழுக்கச் செருப்பு. “எங்கம்மா போணும்?” என்று கேட்டேன். தலையாட்டினாள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள். நான் திரையைத் திரும்பப் பார்க்கவில்லை, கேட்காதது போலச் சமையலறைக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு செருப்பு தெரிந்தால் அடுத்த மணிக்கு நான் போவதில்லை. அடுத்து என்ன அழுத்துகிறாள் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

உங்கள் பச்சை கேட்டைத்தான் அழுத்தியிருப்பாள். அவள் துணிப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். எண்ணை எழுதுங்கள்.

ஜானகிராமன்

---

பட்டாபிராம்,
13-2-2025

மாப்பிள்ளைக்கு,

ஃபைலின் நீளம் 73.

ஜானகிராமன் 24. செருப்பு 22. கழிவறை 11. தண்ணீர் 9. காபி 4. வலி 2. வேண்டாம் 1.
அண்ணன் வீடு 0.

மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை, என் புரோகிராமை நம்பாமல், கார்டிலிருந்த எண்களை ஒவ்வொன்றாகத் தாளில் இறக்கிப் பென்சிலால் கோடு போட்டேன். பூஜ்யம்தான். “ஒரு நம்பர மாத்திப் போட்டா அவருக்கு இன்னா தெரியப் போவுது?” என்று தாட்சாயிணி கேட்டாள். கட்டில் போட்டு, புதுத் தலையணை உறை தைத்து வைத்தவள் அவள். கேட்கத்தான் செய்வாள். எனக்குக் கோபம் வந்தது, அவள் மேல் அல்ல.

கோபியிடம் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எண்களைத் தாளில் இறக்கியபோது, அழுத்திய வரிசையும் தெரிந்தது. அதையும் எழுத வேண்டியிருக்கிறது. எழுதாமல் விட்டால் கார்டில் பாதியைத்தான் படித்ததாக ஆகும்.

திரையில் ஐந்து ஐந்தாக மூன்று வரிசை. செருப்பை முதல் கட்டத்தில் வைத்தேன். அண்ணன் வீட்டை அதற்கு அடுத்த கட்டத்தில் வைத்தேன். வலது பக்கம் ஒரே ஒரு தட்டு. உங்கள் ஆதார் படத்தைக் கடைசி வரிசையில் கடைசி மூலையில் வைத்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன். செருப்பிலிருந்து அங்கே போக, வலது பக்கம் நான்கு தட்டு, கீழே இரண்டு தட்டு.

செருப்பு இருபத்திரண்டு தடவை வருகிறது. அதில் இருபத்தொரு தடவை, செருப்புக்கு அடுத்ததாக நீங்கள் வருகிறீர்கள்.

பக்கத்திலேயே என் வீடு இருந்தது. அவள் அதைத் தாண்டிக்கொண்டு, அந்த ஒரு விரலை வைத்து ஆறு தட்டுத் தட்டி உங்களிடம் போயிருக்கிறாள். ஒரு தடவை இரண்டு தடவை என்றால் கை தவறியது என்று சொல்லியிருப்பேன். இருபத்தொரு தடவை கை தவறாது.

நீங்கள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தீர்கள்.

அக்டோபரிலிருந்து மருத்துவமனைக்குத் தவிர அவளை அந்த மாடியிலிருந்து நீங்கள் இறக்கவில்லை. நடக்க முடியாதவளை எப்படி இறக்குவது என்பீர்கள். அக்கம்பக்கம் பார்க்கும் என்பீர்கள். பயந்துகொண்டு திரும்பி நின்றதற்கு இதெல்லாம் பதிலாகாது. நான் தப்பான கருவியை நம்பினேன். உங்கள் முன்னால் சரியான கருவி மணி அடித்துக்கொண்டிருந்தது, நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை. இதில் எது பெரிய தப்பு என்று நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பதில் எழுதிக்கொண்டு உட்கார வேண்டாம். கடிதம் கைக்கு வந்த அன்று சாயங்காலமே அவளைக் கீழே இறக்கி, நீங்களே வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். ஞானம்மாள் மகனை ஒரு கை பிடிக்கச் சொல்லுங்கள். இறங்கும்போது வலது காலை முதலில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் வலது பக்கம் ஒரு படி கீழே நின்று இடுப்பைத் தாங்குங்கள். வலது கையைப் பிடித்து மட்டும் இழுக்காதீர்கள். இழுத்தால் தோள் வலிக்கும். வலிக்கிறது என்று சொல்ல அந்த நேரத்தில் அவள் கையில் பெட்டி இருக்காது.

ரவிச்சந்திரன்